நவுரு இறங்கிய கிணறு

சென்னையில் அதிகம் பேரை நகரச் சொன்ன மனிதர் யார் என்று போட்டி வைத்தால், போக்குவரத்துப் போலீஸுக்கு இரண்டாம் இடம்தான் கிடைக்கும். முதல் இடம் எங்கள் 'நவுரு'வுக்கு. 'நகரு' என்பதை வடசென்னையில் அப்படித்தான் சொல்வோம். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதிதில் நான் திருவொற்றியூரில் பிரௌசிங் சென்டர் நடத்தினேன். ஆறு கம்ப்யூட்டர். மூன்றாம் நம்பர் நவுருவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். ஷிஃப்ட் முடிந்தால் நேரே இங்கே ஆஜர். பழைய கோயில், இடிந்த மண்டபம் என்று எதன் நடுவிலாவது நின்று சுற்றிச் சுற்றிப் படமெடுப்பார். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒட்டுவார். முடிந்ததும் மவுஸை இழுத்த பக்கமெல்லாம் திரும்பிப் பார்க்கலாம், அண்ணாந்தும் பார்க்கலாம். அங்கேயே நிற்பது போல இருக்கும்.

"வர்ச்சுவல் ரியாலிட்டி மாமு! கால் நோவாம போய்கினு வரலாம்" என்பார்.

தொல்லை என்னவென்றால், மற்றவர்கள் போட்டோ எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். இவர் படத்தில் பின்னால் என்று ஓர் இடமே கிடையாது. எங்கே நின்றாலும் விழுவோம். அதனால்தான் எல்லாருக்கும் "நவுரு". ஒரு கோயிலில் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்த குருக்களையே நவுரச் சொல்ல, அவர் தட்டும் கையுமாக இவரைத் துரத்தினார். பக்கத்தில் ஓடிய எனக்கும் மரியாதை கெட்டது.

ஒரு ஐப்பசியில் புயல் ஓய்ந்த மறுநாள் காலை, எண்ணூரை ஒட்டிய மீனவர் கிராமமான நெட்டுக்குப்பத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. கடல் கரையை அரித்ததில் மண்ணுக்குள்ளிருந்து ஓர் உறைகிணறு தெரிகிறதாம். சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, பல நூறு வருஷத்துக் கிணறு. நவுரு தனக்குத் தெரிந்த தொல்லியல் பேராசிரியை ஒருவரைப் பிடித்தார். அவர் வெளியூரில் இருந்தார். நாளைக் காலைதான் வர முடியும் என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, படகுக்காரர் தேசப்பனும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் கிணற்றிலிருந்து ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் மணலை வாரிப் போட்டிருந்தார்கள்.

"நாளைக்கா? மத்தியானம் தண்ணி ஏறுச்சுன்னா இது நிக்காது நைனா. பாதி கரைய கடலு துன்னுட்ச்சு" என்றார் தேசப்பன்.

"அப்போ நான் இப்பவே எறங்குறேன்."

"இன்னா வெளாட்றியா? மண்ணு சரிஞ்சா உள்ளயே சமாதிதான்."

"நாளைக்கு அந்தம்மா வந்து இன்னாத்த பாக்கும்? கடலையா?" என்று கேட்டுவிட்டு நவுரு சட்டையைக் கழற்றினார்.

இடுப்பில் கயிறு கட்டினோம். மறுமுனை எங்கள் ஐந்து பேர் கையில். உள்ளே ஒரு மரக்கட்டை, அதன்மேல் கேமராவைச் சுற்றித் திருப்பத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பேரிங், அதன்மேல் பர்மா பஜார் கேமரா. சுற்றிலும் பன்னிரண்டு படம், கடைசியாக வானத்தைப் பார்த்து ஒன்று. உயிரோடு இருப்பது எங்களுக்குத் தெரிய, ஒவ்வொரு படத்துக்கும் எண்ணிச் சொல்வதாக ஏற்பாடு.

"ஒண்ணு... ரெண்டு..."

ஏழு சொன்னபோது ஓர் அலை கிணற்றின் வெளிப்பக்கம் அறைந்தது. மேல் வளையத்தில் ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

"அண்ணே, போதும் வந்துடுங்க!" என்று கத்தினேன்.

"எட்டு" என்று பதில் வந்தது.

ஒன்பது வந்தது. பத்து வந்தது. பிறகு மண் சரியும் சத்தம் கேட்டது. பதினொன்று வரவில்லை.

ஐந்து தலைகளும் கிணற்று வாயில் முட்டிக்கொண்டன. முழங்கால்வரை மண்ணும் தண்ணீருமாக நின்றுகொண்டு, மனிதர் நிதானமாகப் பனியனால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு. பன்னெண்டு." கேமராவை மேலே திருப்பினார். "நவுருங்க! வானம் வேணும்!"

யாரும் நகரவில்லை. நகர்ந்தால் அவர் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். அதற்கு எங்களுக்குத் தைரியம் இல்லை.

"நவுருங்கடா பேமானிங்களா!"

அடுத்த அலை தலை தூக்கியது. வேறு வழியில்லாமல் கிளிக்கினார். "இஸ்துடா!" என்று தேசப்பன் அலற, இழுத்தோம். கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி வந்து மணலில் விழுந்தார். கால் மணி நேரத்தில் கிணறு இருந்த இடம் தெரியவில்லை. அவர் கடலைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் முறைத்தார்.

"கெடுத்துட்டீங்களேடா, கடைசி படத்த!"

மறுநாள் பேராசிரியை மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்து வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்றின் விளிம்பில் குயவரின் விரல் பதிந்த தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு அண்ணாந்து பார்க்க மவுஸை இழுத்தார். வானத்துக்குப் பதிலாக ஐந்து முகங்கள், பேயறைந்த மாதிரி. அதில் வாயை அதிகம் பிளந்திருந்தது நான்.

"இவங்களை எடுத்துட்டு, வேற வானம் ஒட்டிடலாமே?" என்றார் பேராசிரியை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நவுரு மவுஸை வாங்கி, ஐந்து முகங்களையும் பெரிதாக்கினார்.

"வாணாம்மா. கெணத்துல எறங்கனவனுக்கு மேல நாலு பேரு நிக்கணும். இருந்துட்டுப் போவட்டும்."

அந்தப் படம் எத்தனையோ வகுப்பறைகளுக்குப் போனது. நவுரு போய்ச் சேர்ந்தும் சில வருஷங்கள் ஆகின்றன. மனசு சரியில்லாத நாட்களில் அதைத் திறந்து, கிணற்றுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பேன்.

நான் இன்னும் நகரவில்லை, அண்ணே.