ஒன்பதாவது ஊசி

கேகாலை,
17.10.1978

மதிப்புக்குரிய மச்சான் இராமசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் காத்தமுத்து கேகாலைக் கடையிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. துறையூரில் நீங்களும் வீட்டாரும் முருகன் துணையால் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்போது நான் இருப்பேனோ இல்லையோ. என் உடம்புக்குள் ஓர் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் பதறாமல் படியுங்கள், நான் பதறிக்கொண்டே எழுதுகிறேன். எட்டு வருஷமாக எனக்குச் சீனி வியாதி என்பது தெரியும்தானே. ஆறு மாதமாக அது கீழே இறங்கி நீர்ப்பையைப் பிடித்துவிட்டது. பை நிறைந்தாலும் தெரிவதில்லை, போய் நின்றால் வருவதில்லை, கடையில் பருப்பு நிறுக்கும்போது மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது. பெரியாஸ்பத்திரியில் காட்டினால், சீனியால் நரம்பு மரத்துப்போச்சு, இப்படியே போனால் குழாய் போட வேண்டும் என்கிறார்கள். எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் மாவனல்லை யாவாரி முஹ்ஸின் நானா வந்து, "சீனாக்காரன்ட ஊசி வைத்தியம் ஒண்டு ஈக்குது முதலாளி, ஞாயித்துக்கெழம பன்சலையில சும்மா செய்றாங்க, போய்ப் பாருங்களேன்" என்றார்.

போனேன். பௌத்தப் பிக்குமார் இருக்கும் பன்சலை மண்டபத்தில் வரிசையாகப் பாய் விரித்திருந்தது. சீனாவில் படித்து வந்த சிங்கள டொக்டர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் எடுத்த ஊசிக்குள் மருந்தே இல்லை. "மருந்து முடிஞ்சிருச்சுங்களா மாத்தயா, அடுத்த வாரம் வரட்டுங்களா?" என்று கேட்டேன். இந்த ஊசிக்கு மருந்து கிடையாதாம், குத்துவதுதான் மருந்தாம். கோளாறு நீர்ப்பையில், மனுஷன் குத்துகிறார் காலில்! கால்களில் ஆறு, தொப்புளுக்குக் கீழே மூன்று, ஆக ஒன்பது. இருபது நிமிஷம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பன்சலைத் தலைமைப் பிக்கு, பெரிய ஹாமுதுரு, உள்ளே வருகிறார். நிற்க முடிந்தவரெல்லாம் எழும்பிவிட்டார்கள். நான் மட்டும் மல்லாந்து கிடக்கிறேன், என் காலிரண்டும் நேராக அவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிக்குவுக்குக் காலை நீட்டுகிறதா? அதுவும் ஒரு தமிழன்? போன வருஷக் கலவரத்தில் நம் கடைப் பலகையைப் பிடுங்கி எரித்தார்களே, அந்த முகமெல்லாம் கண்முன்னே வந்துவிட்டது மச்சான். டொக்டர் சொன்னதை மறந்தேன், குத்தியிருப்பதையும் மறந்தேன், துள்ளி எழும்பி ஒன்பது ஊசியோடும் அவர் காலடியில் விழுந்து கும்பிட்டேன். ஐயோ, அம்மா! தொப்புளுக்குக் கீழே இருந்த மூன்றும் என்ன பாடு படுத்தின என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஹாமுதுரு என்னை ஒரு பார்வை பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

பிறகு ஊசிகளை எடுத்து எண்ணினால் எட்டு. திரும்ப எண்ணினாலும் எட்டு. "பய வெண்ட எப்பா முதலாளி" என்று டொக்டர் சிரிக்கிறார். பயப்படாதே என்று சிங்களத்தில் யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே பிடிக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில் தோளில் குத்துகிறது, மத்தியானம் முழங்காலில் குத்துகிறது, ரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்குத்தான் போகுமாம். முஹ்ஸின் நானா பழைய ரேடியோவில் இருந்து காந்தம் கழற்றி வந்தார். உங்கள் தங்கை அன்னலட்சுமி, "அசையாதீங்க, மூச்சு விடாதீங்க" என்று என் உடம்பெல்லாம் அதைத் தடவினாள். இடுப்பில் வந்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். பார்த்தால் வேட்டி மடிப்பில் கடைச் சாவி. அவள் சிரித்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள், பிறகு எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மச்சான், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ஊசி ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம், ஹாமுதுரு மனதில் என்ன நினைத்துப் போனாரோ அது ஒரு பக்கம். பிள்ளை இல்லாதவள், அன்னலட்சுமியை யாரிடம் விட்டுப் போவேன்? இந்தியாவுக்கு வந்துவிடு என்று நீங்கள் போன வருஷமே எழுதினீர்கள், நான்தான் கேட்கவில்லை. இதைக் கண்டதும் கப்பல் ஏறி வந்து அவளையாவது கூட்டிப்போங்கள். என்னை எரித்த பிறகு சாம்பலில் பார்த்து அந்த ஊசியை எடுத்து டொக்டரிடம் கொடுத்துவிடுங்கள், தருமத்துக்கு வைத்தியம் செய்கிறவர் பொருள் நமக்கு வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நூறு வயசு, நோயில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்றைக்கு வரைக்கும் இருக்கிற,
காத்தமுத்து

பி.கு. மச்சான், கப்பல் ஏற வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது கடை வாசலில் குடையோடு அந்த ஹாமுதுருவே வந்து நின்றார். மடித்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினார், ஒன்பதாவது ஊசி! நான் விழுந்து கும்பிட்ட பாயில் செருகி நின்றதாம். குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் சொன்னார்: "முதலாளி, எனக்கும் சீனி. எனக்கும் நீர் போறதில்ல. அன்னைக்கு உங்க பக்கத்துப் பாயில படுக்கத்தான் வந்தேன். ஊசியோட நீங்க எழும்பிக் கும்பிட்டா, நான் எந்த முகத்தோட படுக்கிறது? இந்த ஞாயித்துக்கெழம தயவுசெஞ்சு எழும்பாதீங்க." சரி என்று சொல்லிவிட்டேன். அவர் உள்ளே வரும்போது காலை நீட்டியபடியே கிடக்க வேண்டும். இப்போது எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.