டாக்டர் ஜெயசீலனைக் குணப்படுத்துங்கள், இல்லாவிட்டால் கொன்றுவிடுங்கள்

திருப்பூர்,
11-8-1969, திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருக்கும் மருதாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. சென்னிமலை ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தங்கள் இதழில் தொடர்கதை எழுதுகிறவரை மட்டும் அந்த வேண்டுதலில் சேர்க்கவில்லை. காரணம் கீழே வருகிறது.

எங்கள் கம்பெனியில் என்னைச் சேர்க்காமல் மொத்தம் இருபத்திரண்டு பேர். மாடியில் துணி பின்னுகிற மெஷின் இரண்டு, கீழே தையல், அதற்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்து பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்கும் இடம். அந்த மடிப்புப் பிரிவில் ஞானாம்பாள் என்று ஒரு பெண், எட்டாவது வரை படித்தவள். வியாழக்கிழமை தங்கள் இதழ் ரயிலில் வந்து இறங்கியதும் ஒன்று வாங்கி வருவாள். மத்தியானச் சோற்று நேரத்தில் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பாள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் தடுக்கவில்லை. ஊர் வம்பு பேசாமல் சாப்பிடுகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கதை தங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எங்கள் கம்பெனியில் அது எப்படி ஏறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஜெயசீலன் பெரிய கெட்டிக்காரர், குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிறவர். சொந்தத் தங்கைக்கு ஆபரேஷன் செய்யும்போது அவள் அவர் கையிலேயே போய்விடுகிறாள். அன்று முதல் மனிதர் தன்னைத்தானே அழித்துக்கொள்ள ஆரம்பிக்கிறார். வலிக்கான ஊசியைத் தனக்கே போட்டுக்கொள்கிறார், சோறு தின்பதில்லை, அன்பாக வருகிறவர்களைக் கடித்துக் குதறுகிறார். சிநேகிதர் ஒருவர் அவரை இழுத்துக்கொண்டு போய் மனநோய் பார்க்கிற டாக்டர் கௌசல்யா அம்மாளிடம் விடுகிறார். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். இவர் வாராவாரம் அங்கே போய், நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று பொய்யாக அடுக்கிவிட்டு வருகிறார்.

சோதனை ஏழாவது வாரத்தில் தொடங்கியது. தங்கை செத்த வாரம் அது. மடிப்புப் பிரிவில் மூத்தவள் குப்பாயி அழுதாள் பாருங்கள், அவளுடைய மாமியார் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. முகம் துடைக்க முந்தானை போதாமல் பக்கத்தில் அடுக்கியிருந்ததையெல்லாம் எடுத்துத் துடைத்துவிட்டாள். அத்தனையும் கல்கத்தாவுக்குப் போக வேண்டிய வெள்ளைப் பனியன். மஞ்சள் பூசிய முகம் பன்னிரண்டு பனியனில் அப்படியே பதிந்துவிட்டது. வெளுக்கப் போட்டதில் பதினொன்று தேறியது. ஒன்றில் குப்பாயி இன்னும் இருக்கிறாள்.

பிறகு பேச்சு சோற்று நேரத்தைத் தாண்டி வேலை நேரத்துக்குள் வந்துவிட்டது. வைத்தியம் சரியா தப்பா என்று கம்பெனியே பிரிந்துபோனது. தையல்காரன் வெள்ளையன் தைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்துக் கத்துவான்:

"அந்தம்மா என்னத்துக்குங்க ஊமையாட்டம் உக்காந்திருக்குது? நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டா உண்மை வந்துட்டுப் போகுது!"

அதற்கு ரங்காத்தாள் மடிப்பிலிருந்து பதில் சொல்லுவாள்: "கேட்டாப் பொய்தான் வருமுங்க. கேக்காம மொகத்தையே பாத்துட்டிருந்தாத் தானாக் கக்கீருவாங்க. என்ற ஊட்டுக்காரர்கிட்ட நான் அப்பிடித்தான் வாங்கறது."

குப்பாயிக்கு இரண்டு கட்சியும் பிடிக்காது. "கன்னத்துல ரண்டு வெச்சு, ஒரு உருண்டை களியை வாயில திணிச்சாச் செரியாப் போயிரும். இதுக்குப் போயி நோட்டாமா, பொஸ்தகமாமா!"

இப்படி ஒரு நாள் வாதம் முற்றிப்போய் வெள்ளையன் முகத்தை மடிப்புப் பக்கம் திருப்பிக்கொண்டே தைத்ததில் ஆறு டஜன் பனியனுக்கு இடது கை போகிற ஓட்டையை அடைத்துத் தைத்துவிட்டான். அவன் கவனிக்கவில்லை. மடித்தவர்களும் கௌசல்யா அம்மாளுக்காக வாதாடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. கல்கத்தாக்காரர் இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டிருந்தார். முதலாளி கிட்டுசாமி அதை எனக்குப் படித்துச் சொன்னார்: "உங்கள் ஊரில் மனிதர்களுக்கு ஒரு கைதான் உண்டா?"

முதலாளி கோபக்காரர். வியாழக்கிழமை மத்தியானம் இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஞானாம்பாள் பயந்து நிறுத்தினாள். "நிறுத்தாத, படி. அப்பிடி என்னதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன்," என்றார். நின்றுகொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் படித்து முடித்ததும், "அந்த ஊசி மருந்தை எவன் இவனுக்குக் குடுக்கறான்? மொதல்ல அவனைப் புடிக்கோணும்," என்றார். அடுத்த வியாழக்கிழமை பதினொன்றரைக்கே வந்துவிட்டார்.

இதோடு போயிருந்தால் நான் தங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ரங்காத்தாள் ஒரு ஸ்டூலை நூல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போட்டு, யாருக்கு மனசு சரியில்லையோ வந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டாள். எதிரில் அவள் உட்கார்ந்துகொள்வாள். நோட்டுப் புத்தகத்துக்குப் பதிலாகக் கையில் மடிக்க வேண்டிய பனியன் இருக்கும். ஒன்றும் கேட்க மாட்டாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் மாட்டியவன் சென்னியப்பன், மாடியில் மெஷின் ஓட்டுகிறவன், வாயே திறக்காத ஆள். வேடிக்கைக்கு உட்கார்ந்தவன் கால் மணி நேரத்தில் உடைந்துபோனான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேசவில்லையாம். எதற்குச் சண்டை என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டதாம். அன்று சாயங்காலம் போய் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். மறுநாள் கெடா வெட்டு. மூன்று நாள் ஆள் வரவில்லை, மெஷின் சும்மா கிடந்தது. அண்ணன் தம்பி ஒற்றுமையால் ஒரு கம்பெனிக்கு இவ்வளவு கெடுதல் வரும் என்று நான் நினைத்ததில்லை.

ஆசிரியர் அவர்களே, இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் புகார் முழுசாக இருக்க வேண்டும் அல்லவா?

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மனைவி பெரியாத்தாள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே பெண், வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். நான் தனியாக இருக்கிறேன். காலையில் டீ, மத்தியானம் டீ, சாயங்காலம் ஒரு போண்டா. வயிற்றில் கொஞ்ச நாளாக எரிச்சல், அதற்காகச் சோடா உப்பைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். வலி வரும்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வேன். மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்தால் என்ன மரியாதை இருக்கிறது? இதுதான் நடந்தது. ஆனால் பதினைந்தாவது வாரத்தைக் கேட்டவர்களின் கண்களுக்கு இது வேறு விதமாகத் தெரிந்திருக்கிறது. அந்த வாரத்தில்தான் டாக்டர் ஜெயசீலன், இனி தொடமாட்டேன் என்று ஊசி மருந்தையெல்லாம் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு, மறுநாள் தானே போய் அந்தத் தொட்டியைக் கிளறினார்.

அந்த வெள்ளிக்கிழமை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பையில் பொட்டலம் இல்லை. வலி வேறு சுருக்குச் சுருக்கென்று குத்துகிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவு அக்கறையாக வேலை செய்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. குப்பாயிதான் எடுத்து வெட்டுத் துணி மூட்டையில் போட்டிருக்கிறாள் என்று ஊகித்துக்கொண்டு, சோற்று நேரத்தில் எல்லோரும் கைகழுவப் போனதும் அந்த மூட்டையை அவிழ்த்து இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. திரும்பினேன். இருபத்திரண்டு பேரும் நிற்கிறார்கள். முதலாளியும் நிற்கிறார். என் தலையில் வெட்டுத் துணி தொங்குகிறது.

ஞானாம்பாள் மெதுவாகச் சொன்னாள்: "பதினஞ்சாவது வாரமுங்க."

நான் கத்தினேன். இது சோடா உப்பு என்று கத்தினேன். வெள்ளையன் பக்கத்திலிருந்தவனிடம், "டாக்டரும் தலைவலி மருந்துன்னுதான சொன்னாரு?" என்றான். முதலாளி பொட்டலத்தைப் பிரித்து, கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்து, "சோடா உப்புத்தான்," என்றார். அப்பாடா என்று நினைத்தேன். உடனே குப்பாயி கேட்டாள், "ஏனுங்ணா, தெனமும் இத்தனை சோடா உப்புத் திங்கற அளவுக்கு வகுத்துல என்னுங்க?"

அவ்வளவுதான், என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். ரங்காத்தாள் எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றேன். வீட்டில் தினமும் சமையல் செய்கிறேன், நேற்றுக்கூடப் பருப்புச் சாம்பார் வைத்தேன் என்றேன். நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது இதையெல்லாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்கே தோன்றியது. அவள் ஒரு பனியனை எடுத்து மடித்தாள். இன்னொன்றை எடுத்து மடித்தாள்.

பெரியாத்தாள் போன அன்று காலையில் மார்பு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னாள், ஆசிரியர் அவர்களே. கல்கத்தா சரக்கு அன்றைக்கு லாரி ஏற வேண்டும். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். "எனக்கென்னுங்க, நீங்க போயிட்டு வாங்க, வந்து சாப்புடலாம்," என்றாள். போய்விட்டேன். லாரி ஏற்றிவிட்டேன். சாயங்காலம் வரும்போது அடுப்பில் சோறு இருந்தது, அவள் இல்லை. அந்தச் சோற்றை யாரோ எடுத்துக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த அடுப்பை நான் பற்ற வைக்கவில்லை. பற்ற வைக்க வேண்டும் என்று முன்னால் போய் உட்காருவேன், எழுந்து வந்துவிடுவேன். இதை என் பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை. அன்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தலையில் வெட்டுத் துணியோடு, இருபத்திரண்டு பேருக்கு முன்னால் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினேன் என்று அப்புறம் சொன்னார்கள். ரங்காத்தாள் அதற்குள் நாலு டஜன் மடித்திருந்தாள். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

முதலாளி அன்றே என்னைக் காரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். வயிற்றில் புண், இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும், ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று சொல்லி, டீயை நிறுத்திவிட்டுப் பாலும் தயிர்ச் சோறும் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து என் பாடு நாய்படாத பாடாக இருக்கிறது. முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நாள் சோறு கொண்டுவருகிறார்கள். நான் டீக்கடைப் பக்கம் போனால் கடைக்காரரே, "உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்கிறார். ஞாயிற்றுக்கிழமை குப்பாயி வீட்டுக்கே வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, "இப்ப நீங்களே ஒலை வெய்யுங்க," என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். வைத்தேன். குழைந்துபோய்விட்டது. ஆனால் கம்பெனியில் என் அதிகாரம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தையல் கோணலாக இருக்கிறதே என்று அதட்டினால், "பால் குடிச்சீங்களா?" என்று கேட்கிறார்கள். நேரத்துக்கு ஏன் வரவில்லை என்றால், "கோவப்படாதீங்க, புண்ணு ஆறாது," என்கிறார்கள். முப்பது வருஷமாகச் சம்பாதித்த பயம் பதினேழு வாரத்தில் போய்விட்டது.

ஆகையால் ஐயா அவர்கள் தயவு செய்து தொடர்கதை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, அந்த டாக்டரை அடுத்த வாரமே ஒரேயடியாகக் குணப்படுத்திவிடும்படியோ, அல்லது கொன்றுவிடும்படியோ சொல்ல வேண்டும். எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். கருமாதி முடிந்து நாங்கள் பனியன் வேலையைப் பார்ப்போம். அதன் பிறகு சமையல் குறிப்போ, ஜோசியமோ, மனிதர்களின் மனசைத் தொந்தரவு செய்யாத வேறு எதுவோ போடலாம்.

தங்கள் குடும்பம் தழைத்து, பத்திரிகை பெருகி, தங்களுக்கு வயிற்றுக் கோளாறு எதுவும் வராமல் முருகப்பெருமான் காத்தருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள,
மருதாசலம்.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. மேலே கண்டதைத் திங்கட்கிழமை எழுதி, உறை கிடைக்காமல் வைத்திருந்தேன். நேற்றுத் தங்கள் இதழ் வந்தது. டாக்டர் ஜெயசீலன், கௌசல்யா அம்மாள் வீட்டு வாசல் வரை காரில் வந்து, இறங்காமல், எஞ்சினையும் அணைக்காமல், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதோடு "வளரும்" என்று போட்டுவிட்டீர்கள். ஞானாம்பாள் படித்து முடித்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. நானே போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படி கண்ணு என்றேன்.

பிறகு எல்லோருமாகத் தபாலாபீசுக்குப் போனோம். தந்தி எழுதுகிறவர் படித்துப் பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி டாக்டருங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இன்னும் படிக்கலீங்க. சொல்லீட்டீங்களே!" என்று கோபித்துக்கொண்டு, உடனே அடித்துவிட்டார். ஆகையால் இந்தக் கடிதத்துக்கு முன்பே தங்களுக்கு ஒரு தந்தி வந்திருக்கும்: "டாக்டர் ஜெயசீலன் காரை விட்டு இறங்கி உள்ளே போகவும். தாமதம் வேண்டாம்." அதுதான் சரி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். எத்தனை வாரம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படுத்தாமல் குணப்படுத்தச் சொல்லுங்கள்.

தந்தியின் கீழே யார் பெயரைப் போடுவது என்று அவர் கேட்டார். "ஒறம்பரை" என்று போடச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரரை அப்படிச் சொல்லுவோம்.