பலகை அண்ணையும் ஒரு கீறலும்

ஒஸ்லோவில் பனியைக் கண்டு என்னைவிட அதிகம் பயந்த ஒரே மனிதர் பலகை அண்ணைதான். பழைய பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்து வைத்திருந்தவரும் அவர்தான்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில், நகரின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடையொன்றில் துப்புரவு வேலை. கடை கழித்துவிட்ட பலகைகளெல்லாம் அவர் வீட்டுக்கு வந்தன. இருபத்தெட்டுப் பலகைகள் வந்தபின் கட்டிலுக்கு இடமில்லை. அவர் சோபாவில் படுத்தார்.

ஒன்றில்கூட ஏறியதில்லை. ஆனால் எதில் யார் விழுந்தார்கள் என்று கடைக்காரர்கள் சொன்ன கதைகளெல்லாம் மனப்பாடம்.

"இது எண்பத்தாறாம் ஆண்டுப் பலகை, தங்கச்சி. ஒரு பெடியன்ரை முழங்கால் உடைஞ்சது. அந்த மஞ்சள், தோள்மூட்டு. இந்தச் சின்னன், ரெண்டு முன்பல்லு."

"பிறகேன் அண்ணை உதுகளை வீட்டிலை வைச்சிருக்கிறியள்?"

"வெளியிலை விட்டா ஆரும் ஏறி நிண்டிடுவாங்கள்."

மரத்தில் செய்த ஒன்று மட்டும் அவருக்கு உயிர். முனையில் கயிறு, மீன்வால் போலப் பிளந்த பின்பக்கம், ஒரு கீறல் இல்லை. "இதிலை ஒருத்தரும் விழேல்லை" என்பார். விறாந்தையில் வைத்துத் துடைக்கும்போது பனி தூறினால் அதற்குக் குடை பிடிப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் என் மகளுக்கு ஏழு மாதம். பகலில் பிள்ளை வெளிக்காற்றில் தூங்குவது நல்லது என்று தாதி சொல்லியிருந்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வெளியே விட்டால் விறைத்துவிடுவாளோ? விடாவிட்டால் என்னை நல்ல தாயில்லை என்று எழுதி, பிள்ளையைக் குழந்தை நலத்துறை கொண்டுபோய்விடுமோ? கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, நாலு நிமிடத்துக்கொருமுறை மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அந்த விரலால்தான் அவள் விழித்துக்கொள்வாள்.

ஒருநாள் இன்னொரு போர்வை எடுக்க வாசலுக்குள் போய்த் திரும்பினேன். வண்டி உறைபனிப் பாதையில் தெருவை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. போர்வையோடு வாசலிலேயே நின்றேன்.

வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு மேல் காலுறை போட்டு நடக்கிற பலகை அண்ணை, பாதையில் சற்றுக் கீழேயிருந்த தன் விறாந்தையில் துடைத்துக்கொண்டிருந்த மரப்பலகையோடு வெளியே பாய்ந்து, அதைப் பனியில் எறிந்து, அதன்மேல் குப்புற விழுந்தார். வண்டிக்கு முன்னால் வழுக்கிப்போய்ப் பனிக்குவியலில் மோதிக் குறுக்கே கிடந்தார். வண்டி அவர் முதுகில் இடித்து நின்றது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பிரேக் போட்டனான் அண்ணை... போட்டனான் எண்டுதான் நினைக்கிறன். ஆருக்கும் தெரிஞ்சா பிள்ளையை..."

அவர் எழும்பி, பிரேக்கை அழுத்தினார். "இப்ப போட்டிருக்கு."

வழுக்காதபடி பாதையில் தூவியிருந்த சரளைக்கல் பலகையின் அடியை முழுநீளத்துக்குக் கிழித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தேநீர் குடித்த ஆண்கள் எல்லோரும் அவர் பலகைகளைப் பார்க்கக் கீழே இறங்கினார்கள். தட்டோடு நானும் போனேன்.

"என்னண்ணை, உயிர்ப் பலகை கீறிக் கிடக்கு?" என்றார் என் கணவர்.

தட்டை அண்ணையிடம் நீட்டினேன்; அவர் ஒரு கோப்பையை எடுத்தார்.

"ஆசையாக் கிடந்தது. ஏறிப் பாத்தனான்."

"சப்பாத்துக்கு மேலை மேசு போடுற ஆள் சறுக்கப் போனவராம்" என்று சிரித்தார்கள். குளிர்காலம் முடியும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

அதன்பிறகு யாருக்காவது பலகைகளைக் காட்டும்போது வரிசையில் ஒன்று கூடியது. முழங்கால், தோள்மூட்டு, முன்பல்லு, கடைசியாக அந்த மரப்பலகை: "இது என்ரை முதுகு."

ஞாயிறுகளில் தேநீர் ஊற்றும்போது அவர் கோப்பையில் மட்டும் நான் சீனி ஒரு கரண்டி கூடப் போட்டேன்.