துரையின் நிலத்தை மருமகனுக்குக் கொடுத்த கதை

மெட்ரிக்கில் ஒருமுறை தோற்று, மறுமுறை எழுதப் போகாதவன் நான். நாலு பேர் படிக்க எழுதும் தகுதி எனக்கு ஏது? பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒரு பழைய குடும்பத்தின் நிலத்தை எல்லாம் ஒரே வாரத்தில் கைமாற்றிவிட்டவன் என்பதால் மட்டும் துணிகிறேன்.

நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்வதற்குச் சில வருடங்கள் முன்பு, தடிக்காரன்கோணத்துக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டத்தில் எழுத்தராக இருந்தேன். சேர்த்துவிட்டவர் என் அம்மாவின் அண்ணன். அங்கே தலைமைக் கணக்கர். துரை தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பவிருந்தார். அவர் சிபாரிசு செய்யும் ஆட்களைத்தான் புது முதலாளி வைத்துக்கொள்வார் என்று பேச்சு. நான் தற்காலிகம். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

துரைக்குத் தன் முன்னோர்கள்மேல் ஒரு பைத்தியம். எழுநூறு வருடங்களுக்கு முன் ராஜாவுக்குக் குதிரைப்படை அனுப்பிய குடும்பமாம். ஊரும் வயலும் மாவரைக்கும் ஆலையும் சேர்ந்த உடைமைக்கு அங்கே ‘மேனர்’ என்று பெயர். அப்படி நாலைந்து இருந்ததாம். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார் என்று துண்டுத் தாள்களில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். (வேறு ஒன்றும் நன்றாக இருக்காது.) பெரிய தாளில் மரம்போல வரைந்து, நிலம் இறங்கிவந்த வழியைச் சிவப்பு மையில் காட்டச் சொன்னார். ஊருக்குக் கொண்டுபோய் அண்ணனுக்குக் கொடுக்கவாம்.

நான் எடுத்த முதல் தாளிலேயே, பிள்ளையில்லாமல் செத்த ஒருவரின் மேனர் அக்காள் மகனுக்குப் போயிருந்தது. எனக்குப் புல்லரித்தது. அட, இவர்களும் நம்மைப்போலத்தானா!

எங்கள் ஆட்களில் முன்பெல்லாம் ஒருவர் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான். நான் பிறப்பதற்குச் சற்று முன்புதான் சட்டம் மாறியது. துரை வீட்டுக்கு அந்தச் சட்டம் வந்திருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மீதித் தாள்களில் நிலம் யாருக்குப் போனது என்று படிக்காமல் பெயர்களை மட்டும் பார்த்தேன். தலைமுறைதோறும் மாமனிடமிருந்து மருமகனுக்குச் சிவப்புக் கோடு இழுத்தேன்.

துரை பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரைத் தேநீருக்கு அழைத்து, மேஜையில் தாளை விரித்தார். சுருண்டுகொள்ளாமல் ஒரு முனையை மாமா பிடித்தார், மறுமுனையை நான். துரையின் விரல் கோட்டின்மேல் பெருமையாக நகர்ந்தது. மூன்றாம் தலைமுறையில் கோடு வேறு குடும்பத்துக்குள் நுழைந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் யாரோ ஒரு கம்பளி வியாபாரி வீட்டில் போய் நின்றது.

“நான் எங்கே?” என்றார் துரை, தமிழிலேயே.

கீழ் மூலையைக் காட்டினேன். ஒரு சின்ன வட்டம். கோடு கிடையாது.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏலே, தொரைக்கு ஒண்ணுமே இல்லியாலே?” என்றார்.

“அவருக்க மாமனுக்க சொத்து வரும்லா, மாமா... அது வேற தாளு.”

மாமா தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் எங்கள் பழைய வழக்கத்தை விளக்கினார். துரைமார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் துரை மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ உன் நிலம் இவனுக்கா?” என்று மாமாவைக் கேட்டார்.

“இப்போ இல்லே தொரை. எனக்க மக்களுக்குத்தான்.” சொல்லிவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். “எனக்க வயலுக்கும் இப்பிடி ஒரு கோடு போட்டு வச்சிருக்கியா மக்கா?”

நான் தாளின் முனையை விட்டுவிட்டேன். அது சுருண்டு போய்த் தேநீர்க் கோப்பையைத் தள்ளியது. ஏழு நூற்றாண்டுகளும் நனைந்தன.

அப்படி எதுவும் மனதில் இல்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவருகிறேன். ஆனால் மாமாவின் நெல்வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்து வளர்ந்த கை, தானாக எந்தப் பக்கம் கோடு இழுக்கும் என்று எனக்கே தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அன்று மலை இறங்கும்வரை அவர் என்னைத் திட்டவே இல்லை.

இன்றும் வீட்டில் வயல், பத்திரம் என்று பேச்சு எடுத்தால் மாமாவின் மகன்கள், “அத்தானுக்க கையில செவப்புப் பேனா குடுக்காதீங்கப்பா” என்பார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன்.

அந்தத் தேநீருக்கு மறுநாள் புதுத் தாள் வாங்கி, மாமா அளவுகோலைப் பிடிக்க, முதல் தாளில் இருந்த அந்த ஒன்றைத் தவிர எல்லாக் கோட்டையும் அப்பாவிலிருந்து மகனுக்கு நேராக இழுத்தேன். சாயங்காலம் துரை என்னைச் சிபாரிசு செய்து எழுதிக் கொடுத்தார்.