பிரேக் நன்றாகப் பிடிக்கிறது

இருபத்தேழாவது வயதில் நான் ஒரு மனிதரைக் கடத்தினேன். பட்டப்பகலில், தியாகராய நகரிலிருந்து அடையாறு வரை, குடும்பத்தோடு போய்க் கடத்தினேன். தெரியாமல் செய்ததுதான். ஆனால் ஆளைக் கடத்துகிறவர்கள் எல்லோருமே முதலில் அப்படித்தான் சொல்வார்களாம். பிறகு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் எனக்கு விளக்கினார்.

எண்பதுகளின் பிற்பகுதி. மயிலாப்பூரில் அப்பா, அம்மா, ரேவதி அக்கா, அக்காவின் நாலு வயதுப் பெண் அனு, நான் என்று ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம். அத்திம்பேர் துபாயில். நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், மோட்டார் விபத்து க்ளெய்ம்கள் வரும் பிரிவில் வேலை பார்த்தேன். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நசுங்கிய வண்டிகளின் புகைப்படங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், உலகத்தில் உள்ள எல்லா வாகனங்களைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக நினைப்பு. (லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதை வீட்டில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஏனென்றால் மற்றவர்களிடம் அதுகூட இல்லை.)

அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அப்பா. முட்டி தேய்ந்துபோய் அவரால் பஸ் படி ஏற முடியவில்லை. எங்கே போனாலும் இரண்டு ஆட்டோ. ஒருமுறை கே.கே. நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அம்மா வந்த ஆட்டோ வேறு ஒரு மண்டபத்தில் இறக்கிவிட்டது. அம்மா அங்கேயே மொய் எழுதி, சாப்பிட்டு, தாம்பூலமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று ராத்திரி அப்பா சொன்னார்: "போறும். ஒரு வேன் வாங்கிடலாம். நீதான் பாக்கணும்டி. நீ சரின்னா வாங்கறேன், வேண்டாம்னா விட்டுடறேன்."

அப்பா அதுவரை என்னைக் கேட்டு ஒரு பால் குக்கர்கூட வாங்கியதில்லை. நான் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கினேன்.

அதில் நான் எழுதாத கேள்வி இல்லை. புதுசா, பழசா? புதுசு என்றால் அப்பாவின் பணம் முழுவதும் போய்விடும். பழசு என்றால் யார் ஓட்டியதோ? காரா, வேனா? காரில் ஐந்து பேர் உட்கார்ந்தால் அப்பாவால் காலை நீட்ட முடியாது. வேனில் நீட்டலாம், ஆனால் வேனுக்கு முன்னால் மூக்கே கிடையாது. மோதினால் முதலில் நசுங்குவது ஓட்டுகிறவரின் முட்டிதான். (இதை நான் சாப்பாட்டு நேரத்தில் படம் போட்டு விளக்குவேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள்.) சீட் பெல்ட் உண்டா, குழந்தை உள்ளேயிருந்து கதவைத் திறக்காமல் இருக்கப் பூட்டு உண்டா, பிரேக் எத்தனை அடியில் பிடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

பேப்பர் விளம்பரம் பார்த்து, கடைசியில் ஹனீஃப் பாயிடம் போய்ச் சேர்ந்தோம். தி. நகரில் பனகல் பார்க் பக்கம் லேஸ், பட்டன், நூல் விற்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குடும்பத்தோடு போய் நின்றோம். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம்.

"வாங்கம்மா. வண்டிய கண்ணாட்டம் வச்சிருக்கேன்" என்றார் பாய், லேஸை முழம் போட்டுக்கொண்டே. நான் நோட்டைத் திறந்து கேள்விகளைத் தொடுத்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர், சாவியை நீட்டினார். "கடைய விட்டு வர முடியலம்மா. பார்க் ஓரமா வெள்ளை வேன் நிக்கிது. நீங்களே எடுத்துனு போயி நிதானமா ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

வண்டி நம்பரையும் சொன்னார். நான் அப்போது 'நம்பிக்கையான மனிதர்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். நம்பரை எழுதவில்லை.

பார்க் ஓரமாக ஒரு வெள்ளை வேன் நின்றது. (இரண்டு நின்றன. இரண்டாவது, கரும்புச்சாறு வண்டிக்கு அந்தப் பக்கம்.) கதவு பூட்டியிருக்கவில்லை. நமக்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்று அதற்கும் ஒரு மார்க் போட்டேன். உள்ளே புது சீட் கவர், டேப் ரெக்கார்டர், கண்ணாடியில் மல்லிகைச் சரம், கமகமவென்று சந்தன வாசனை. பின் சீட்டுக்குப் பின்னால் பூப்போட்ட திரை. டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார்.

"பாய் வண்டியில பிள்ளையாரா?" என்றாள் அம்மா அதிசயமாக.

"நம்ம மாதிரி மனுஷா வாங்க வராளேன்னு வச்சிருப்பார். நல்ல வியாபாரி" என்றார் அப்பா. எங்கள் ஐந்து பேரின் மொத்த அறிவும் அந்த இடத்தில் அதோடு நின்றுவிட்டது.

சாவி கொஞ்சம் முரண்டு பிடித்துத் திரும்பியது. வண்டி கிளம்பியது. அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். அந்நாளில் சென்னையில் பெல்ட் போட்டவர்களை ஊரே வேடிக்கை பார்க்கும். "என்னடி இது, ஆபரேஷனுக்குக் கட்டிப் போடறாப்ல?" என்றார் அப்பா. பின்னால் அனு கதவைத் திறந்துவிடக் கூடாதென்று குழந்தைப் பூட்டையும் போட்டேன். அக்காவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முடியவில்லை. பத்துக்குப் பத்து.

வெங்கட்நாராயணா சாலை, நந்தனம், கோட்டூர்புரம் பாலம். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பாலத்தில் அனு சொன்னாள்: "சித்தி, பின்னாடி ஒரு மாமா தூங்கறார்."

"பொய் சொல்லப்படாது கண்ணா" என்றேன்.

"நிஜம்மா. தொப்பை பெருசா இருக்கு."

"போன வாரம் பாத்ரூம்ல சிங்கம் இருக்குன்னா. இவ பேச்சைக் கேட்டுண்டு நீ ரோட்டைப் பாக்காம இருக்காதே" என்றாள் அக்கா. திரும்பி அந்தத் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடையாறு காந்தி நகரில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெரு. பிரேக் பரீட்சைக்குத் தோதான இடம். "எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, வேகத்தைக் கூட்டி, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன்.

வண்டி நின்றது. ஒரு நொடி கழித்துப் பின்னால் ஏதோ உருண்டு வந்து சீட்டில் மோதியது. தொடர்ந்து 'தொம்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு குரல்:

"டேய் முருகேசா! மாடு கீடு வந்துச்சா?"

திரை விலகியது. நெற்றி நிறைய விபூதியும் காதில் சிவப்புக் கடுக்கனுமாக ஒரு பெரிய முகம் அக்காவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. முகம் எங்களைப் பார்த்தது. நாங்கள் முகத்தைப் பார்த்தோம்.

"நான் அப்பவே சொன்னேனே" என்றாள் அனு.

அக்கா அலறினாள். அம்மா அலறினாள். அந்த முகமும் அலறியது. விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் முதலில் வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்று நூறு ஃபைல்களில் படித்தவள் நான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த திசையில் போய்க்கொண்டே இருந்தேன்.

"யாரும்மா நீ? என்னை எங்க கொண்டு போறே? ஐயோ, காப்பாத்துங்க!" அவர் பின்கண்ணாடியில் தபதபவென்று அடித்தார். "கதவைத் திறடி!" என்று அக்கா கைப்பிடியை இழுத்தாள். அதுதான் திறக்காதே, பத்துக்குப் பத்து ஆயிற்றே. அப்பா பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் திமிறினார். அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்தபோது, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் ஒரே நேரத்தில் ஐந்து பேரைக் கடத்துவதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது? உள்ள அல்லாரும் கத்திகினு கீறாங்க, நீ பாட்டுக்கு ஸ்டீரிங்க புடிச்சிகினு குந்திகினு கீற?" பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "நைனா! ஆள அடைச்சு வச்சிகினு போறாங்கப்பா! போலீசக் கூப்டு!"

கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. போலீஸ்காரர் சிக்னலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

காவல் நிலையத்தில் எங்களை ஒரே பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்தார்கள். "நம்மாத்துல யாரும் ஸ்டேஷன் படி ஏறினதில்லையேடி" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அப்பா எழுந்து, "சார், இவ என் பொண்ணு. இன்ஷூரன்ஸ் கம்பெனில உத்தியோகம்" என்றார்.  என்னை நம்பி வந்த மனிதர் என் பொருட்டு ஒரு கான்ஸ்டபிள் முன்னால் கை கட்டி நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் என் நோட்டை எடுத்துப் பிரித்தார். நல்லது, உண்மை புரிந்துவிடும் என்று நிம்மதியானேன். அவர் நிதானமாக, உரக்கப் படித்தார்.

"'கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமா? முடியாது. மிக நன்று.'"

நிலையத்தில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"'கண்ணாடியை ஏற்றினால் சத்தம் கேட்குமா? கேட்காது. நன்று. பின்னால் ஒரு ஆளைப் படுக்க வைக்க இடம் உண்டா? தாராளமாக.'" அவர் ஒரு பக்கம் புரட்டினார். "'திரை இருப்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கூடுதல் மார்க்.'"

நோட்டை மூடி என்னைப் பார்த்தார். "எத்தனை நாளாம்மா பிளான் பண்ணே?"

 குழந்தைக்காக, வெளி இரைச்சலுக்காக, அப்பாவின் முட்டிக்காக, வெயிலுக்காக என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஆனால் வாயில் "வேன் வாங்கப் போறோம்" என்று மட்டும் வந்தது.

"வாங்கற வேனுக்குள்ள ஆள் எதுக்கு?"

அந்த ஆள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தவில் வித்வான், குழந்தைவேலு என்று பெயர். பனகல் பார்க் பக்கத்து மண்டபத்தில் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வாசிக்க வந்தவர். மண்டபத்தில் இடமில்லையென்று வேனில் தவிலோடு படுத்திருக்கிறார். டிரைவர் முருகேசன் டீ குடிக்கப் போயிருந்தான்.

"என்னங்க நடந்துச்சு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அவரிடம்.

வித்வான் கொஞ்சம் யோசித்தார். பிறகு நியாயமாக ஒரு சாட்சி சொன்னார்: "பிரேக் போட்டாங்க. நல்லா பிடிக்குதுங்க."

நான் கொடுத்த கடை நம்பருக்கு ஃபோன் போனது. அரை மணி நேரத்தில் ஹனீஃப் பாய், காணாமல்போன வேனைப் பார்க் ஓரமாகத் தேடிக்கொண்டிருந்த முருகேசனையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் வந்தது ஒரு வெள்ளை வேனில். பிள்ளையார் இல்லாத, திரை இல்லாத, பாயின் சொந்த வேன்.

"என் சாவி எப்படிங்க அந்த வண்டிக்குப் போச்சு?" என்று பாய் திகைத்தார்.

முருகேசன் தலையைச் சொறிந்தான். "எங்க வண்டி சாவி ஓட்டை தேஞ்சு போச்சு சார். ஸ்பூனு வுட்டாக்கூட ஸ்டார்ட் ஆவும்."

பாய் என் பக்கம் திரும்பினார். "அம்மா, இவ்ளோ கேள்வி கேட்டீங்களே. என் வண்டியில பிள்ளையார் எப்டி வந்தார்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாதா?"

சப்-இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கடமையாக, "கம்ப்ளெய்ன்ட் எழுதறீங்களா?" என்று வித்வானைக் கேட்டார். அவர் எழுந்து போய் வேனிலிருந்து தவிலைத் தூக்கிவந்து பெஞ்சில் வைத்தார். உறையைக் கழற்றினார். இரண்டு பக்கத் தோலையும் விரலால் தடவிப் பார்த்தார்.  மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை, தவில் கிழிந்திருந்தால்?

ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தட்டு. அப்புறம் என்ன தோன்றியதோ, இரண்டு நிமிஷம் உட்கார்ந்து வெளுத்து வாங்கினார். காவல் நிலையமே வாசலில் கூடிவிட்டது. கடைசி அடியை அடித்து நிறுத்திவிட்டு, "ஒண்ணும் ஆவல. கேஸெல்லாம் வேணாங்க. ஆறரைக்கு நான் அங்க இருக்கணும்" என்றார்.

முருகேசன் அவரை அழைத்துக்கொண்டு பறந்தான். பாய் எங்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். நான் ஸ்டீரிங் பக்கம் போனபோது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். கோட்டூர்புரம் தாண்டியதும் அப்பா, "வண்டி நன்னாத்தான் போறது, இல்லே?" என்றார். அடுத்த வாரம் அதையே வாங்கினோம். நோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்டேஷனிலிருந்து அதை வாங்கிவந்த அப்பா என்னிடம் திருப்பித் தரவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேளத்துக்கு அந்த வித்வானைத்தான் கூப்பிட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்று, விலாசம் தேடிப் போய்த் தாம்பூலம் கொடுத்தார். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம். அப்பா சொன்னாராம். 

"முதல் நாள் சாயங்காலம் வேன் அனுப்பறேன்" என்றாராம் அப்பா.

"வேணாங்கய்யா" என்று அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டாராம் அவர். "நான் பஸ்லயே வந்துர்றேன்."

அப்படியே வந்தார். மடியில் தவிலை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி, வியர்த்து விறுவிறுத்து, முகம் கொள்ளாத நிம்மதியோடு வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் இன்றும், யாராவது தங்களால் ஆகாத உதவி ஒன்றைச் செய்வதாகத் துள்ளிக்கொண்டு முன்வந்தால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அனுவுக்கு இப்போது கல்லூரி போகிற பெண் இருக்கிறாள். போன மாதம் நான் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்றேன்.

"பரவால்ல பாட்டி" என்றது அந்தப் பெண். "நான் பஸ்லயே வந்துர்றேன்."