சாவியும் சத்தியமும்

ஹத்ரி சாவியைத் திருப்பினார். வண்டி வாயே திறக்கவில்லை. இன்னொரு தடவை திருப்பினார். முன்பலகையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பெண்டாட்டிக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தையாவது உருட்டுவாள். இதில் அந்தச் சத்தமும் இல்லை.

இருபத்தைந்து வருஷத்து டீசல் ஜீப். பாலைவனத்து அதார் ஊரில் அதைத் தெரியாத ஆடு கிடையாது. மணலிலும் பாறையிலும் மூச்சுவிடாமல் ஓடிய வண்டி, இன்றைக்குப் பார்த்துப் படுத்துக்கொண்டது. இன்றைக்கு வியாழன். நாளை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் உஜெஃப்த் ஊர்ப் பேரீச்சந்தோப்பில் அவருக்கு நிக்காஹ்.

மணப்பெண் மெய்மூனா. மூன்று முறை விவாகரத்தானவள். அந்தப் பக்கத்தில் அதற்கே தனி மவுசு. விஷயம் ரகசியம். மனைவி தெக்பருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்ட திருமண ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இவளுக்கு முன்னும் ஒருத்தி இல்லை, பின்னும் ஒருத்தி இல்லை, மீறினால் இவள் முடிவு இவள் கையில். அன்றைக்கு அந்த வரியைச் சிரித்துக்கொண்டே படித்தார். வயது அப்படி. வீடோ தெக்பருடையது, அவள் அப்பா கொடுத்தது. அவள் போ என்றால் ஹத்ரிக்கு மிஞ்சுவது உடம்பில் இருக்கும் அங்கியும் இந்த ஜீப்பும்தான்.

முற்றத்துக் கூடாரத்தின் நிழலில் தெக்பர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். எதிரே பக்கத்து வீட்டு யஹ்தீஹ், மார்க்கச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஆலிம், முதல் கிளாஸுக்காகக் காத்திருந்தார்.

"என்னங்க, வண்டி எடுக்கலியா?"

"எடுக்கும், எடுக்கும்."

"பேரீச்சம்பழம் வாங்கத்தானே? நாளைக்குப் போனா மரம் எந்திரிச்சு ஓடிடுமா?"

"பழுத்துக் கொட்டுதுடி. சீசன்!"

"பழத்துக்குச் சரி. தாடிக்கு எதுக்குச் சாயம்?"

"வெயில்ல வெளுத்துப் போச்சு."

"வெயில்ல வெளுத்த தாடி! ஆலிம், உங்க புஸ்தகத்துல இருக்கா இது?"

ஆலிம் தட்டிலிருந்த காலிக் கிளாஸை ஆராய்ந்தார்.

"மெக்கானிக் சாம்பாவக் கூப்பிடட்டா?"

"எவனும் வேணாம். இந்த வண்டிக்கு நான்தான் டாக்டர்."

"ஆமா. போன தடவ நீங்க வைத்தியம் பாத்த பிறகு, ஹார்ன் அடிச்சா வைப்பர் ஆடுச்சு."

ஆலிம் சிரித்துவிட்டார். மனைவி சிரித்தால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டு ஆண் சிரித்தால்? அது ஆட்டு விலைக்கும், தேநீரில் சர்க்கரை குறைந்ததற்கும்கூடத் தலாக் மேல் சத்தியம் பண்ணுகிற ஊர். ஹத்ரிக்கும் நாக்கு முந்திக்கொண்டது.

"சாயங்கால அஸர் பாங்குக்குள்ள வண்டியக் கிளப்பலன்னா பாரு..."

"எப்படிக் கிளப்புவீங்க? ஊரக் கூட்டித் தள்ளியா?"

"தள்றதா? நானா? இந்தச் சாவியத் திருப்பித்தான்!"

"கிளப்பலன்னா என்ன? முழுசாச் சொல்லுங்க. ஆலிமுக்கு ஒரு காது மந்தம்."

"அஸர் பாங்குக்குள்ள இந்தச் சாவியத் திருப்பி இந்த வண்டியக் கிளப்பலன்னா, நீ தலாக்! போதுமா?"

"போதும்," என்றாள் தெக்பர். ஆலிமிடம் முதல் கிளாஸை நீட்டினாள். ஹத்ரி அதற்குள் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

முதலில் பேட்டரி. முனைகளைச் சுரண்டினார். எர்த் கம்பியைக் கழற்றி, மணலால் தேய்த்து, முறுக்கினார். சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை.

"ஹார்ன் அடிச்சுப் பாருங்க," என்றாள் தெக்பர் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அடித்தார். தெருக்கோடிக் கழுதை பதில் சொன்னது.

"அப்ப பேட்டரிக்கு உசுர் இருக்கு. எர்த்தும் நல்லாத்தான் இருக்கு. வேற எங்கயோதான் தொடர்பு விட்டுப்போச்சு."

அவள் தன்னைப் பார்த்துச் சொன்னாளா, வண்டியைப் பார்த்துச் சொன்னாளா என்று ஹத்ரிக்குப் புரியவில்லை. டெஸ்ட் விளக்கை எடுத்தார். செல்ஃப் மோட்டாரின் தடித்த கம்பியில் வைத்தார்; எரிந்தது. மெல்லிய கம்பியில் வைத்து, எட்டிச் சாவியைத் திருப்பினார்; எரியவில்லை. ஆகா! சாவியிலிருந்து கரெண்ட் வரவில்லை. நோய் பிடிபட்டுவிட்டது. நெற்றி வியர்வையை அங்கியில் துடைத்தார். அங்கி புதுசு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"சாவி பக்கம் கோளாறுன்னா அங்கதானே பாக்கணும்?" என்றார் ஆலிம்.

"அத எதுக்கு நோண்டிக்கிட்டு? இவர் நினைச்சா சாவியே வேணாம்," என்றாள் தெக்பர். "சிங்கம்ல!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரைச் சிங்கம் என்றது இதுதான் முதல் தடவை. சிங்கம் ஸ்குரூடிரைவரை எடுத்தது. செல்ஃபின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டது. தீப்பொறி பறந்தது. என்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை.

டீசல் போகவில்லை! பம்பின் தலையில் இருக்கும் அடைப்பானுக்கும் சாவி வழியாகத்தான் கரெண்ட். பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து அதில் செருகினார். 'டிக்' என்று சின்னதாகச் சத்தம். மறுபடி ஸ்குரூடிரைவர். ஜீப் இருமியது, கரும்புகையைக் கக்கியது, உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"பாத்தியா? பாத்தியாடி?"

"பாத்தேன். வந்து மூணாவது கிளாஸக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. குடிக்காமப் போனா எனக்கு அவமானம்."

மூன்று கிளாஸ் என்பது அந்த ஊர் முறை; மூன்றாவதை எவன் மறுப்பான்? உட்கார்ந்தார். தேநீர் நுரை கட்டும்வரை அவள் ஆற்றினாள். மேலும் ஆற்றினாள். அவர் கடைசி மடக்கை விழுங்கும்போது அஸர் பாங்கு ஒலித்தது.

பாங்கு முடிந்தது. தெக்பர் எழுந்து ஜீப்புக்குப் போனாள். சாவியை உருவிக்கொண்டு வந்தாள். என்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆலிம், சாவி என் கையில. வண்டி ஓடுது. இவர் என்ன சொல்லிச் சத்தியம் பண்ணினார்?"

ஆலிம் தாடியைத் தடவினார். "சாவியத் திருப்பின்னு சொன்னார்."

"யோவ், அது பேச்சுக்குச் சொன்னது!" ஹத்ரி ஜீப்புக்கு ஓடி முன்பலகைக்கு அடியில் பார்த்தார். சாவிக்குப் பின்னால் செருகியிருக்க வேண்டிய வயர் இணைப்பு, அறுபடாமல், பதமாகக் கழற்றப்பட்டுத் தொங்கியது. "இவதான்யா உருவியிருக்கா!"

"யார் உருவினா என்ன? பாத்துச் செருகியிருக்கலாமே. டாக்டர்தானே?" என்றார் ஆலிம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வார்த்தைப்படி தலாக். ஆனா ஒரு வழி இருக்கு. சாவி முக்கியமில்ல, கிளம்புறதுதான் என் எண்ணம்னு நீ குர்ஆன் மேல கைவச்சுச் சொல்லணும். எங்க, எதுக்குக் கிளம்பினன்னும் சேத்துச் சொல்லணும்."

எங்கே, எதுக்கு.

பொய் சொன்னால் குர்ஆன். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தத்து வரி. சொல்லாவிட்டால் சத்தியம். மெய்மூனா இந்த நிக்காஹுக்குச் சம்மதித்ததே வெள்ளிக்கு வந்து சனிக்குப் போய்விடுகிற புருஷன் என்பதால்தான். வீடில்லாமல் மூட்டையோடு வந்து நிற்கிறவனை அவள் தோப்புக்குள்ளேயே விடமாட்டாள்.

"தெக்பர்... உனக்குத் தெரியுமா?"

"நேரா வந்து சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேளை நானே அனுப்பியும் வச்சிருப்பேன். பேரீச்சம்பழம்னு சொன்னீங்க பாருங்க." அவள் கண்கள் நிறைந்திருந்தன, முக்காட்டால் துடைக்கக்கூட இல்லை. "என்னை அவ்வளவு மட்டமா நினைச்சிட்டீங்களே."

அவர் ஆலிமைப் பார்த்தார். ஆலிம் தொழுகைக்கு எழுந்துவிட்டார்.

தெக்பர் காலிக் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினாள்.

"வண்டிதான் கிளம்பிடுச்சே. நீங்களும் கிளம்புங்க."