பாசிக்குக் காவல்

பலகையை நட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, இரண்டு பேர் கமராவோடு வந்துவிட்டார்கள்.

"மிக அரிய பாசி. கிட்ட வராதீர்கள்" என்று கோபாலன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். அதுவரை ஜெர்மனியின் பான் நகரத்துக்கு வெளியே அந்தக் காட்டில், உக்கிப்போன ஒரு மரக்குற்றியில் பாசி இருப்பது மரங்கொத்திக்கும் அவருக்கும்தான் தெரியும்.

வன அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாம் மாதம் முடிய, வேலை நிரந்தரமா என்று சொல்வார்கள். பதினாறு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவர், இந்த மரக்காற்றை விட்டுத் திரும்பிப் போகத் தயாரில்லை. யாழ்ப்பாணத்தில் கிணற்றடிப் பாசியை உரஞ்சியே வளர்ந்தவரிடம் அழிந்துபோகும் பாசியைக் காக்கச் சொன்னபோதும் பணிவாகத் தலையாட்டினார்.

சனிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். கோபாலன் கயிறு கட்டினார். நல்ல படம் எடுக்கவென்று சனம் கயிற்றைச் சுற்றிப் போய்ப் பன்னச் செடிகளை மிதித்தது. பன்னங்களைக் காப்பாற்றப் பலகைப் பாதை போட்டார். பாதைக்கு இடைஞ்சலாக நின்ற இரண்டு கொப்புகளை வெட்டினார். வெயில் நேராகப் பாசியில் விழுந்தது. பாசி கருகியது. குழாய்த் தண்ணீர் ஊற்றினார். தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கும் கேத்திலையே வெள்ளையாக்கும் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் பாசியை மட்டும் விட்டுவைக்குமா?

அலுவலகத்தில் வேலை செய்யும் சிசிலி தொலைபேசியில் வந்தாள்.

"அண்ணை, நாளைக்கு மேலதிகாரி பாசியைப் பாக்க வாறா."

"ஒரு கிழமை தள்ளி வைக்க ஏலாதோ?"

"ஏன், பாசி எங்கையும் போகப்போகுதோ?"

"ஓம். அதுதான் எனக்கும் பயம்."

மறுநாள் சிசிலியோடு வந்த மேலதிகாரி வெளுத்த பாசியைப் பார்த்தார். வெட்டிய கொப்புகளைப் பார்த்தார். வரிசையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்தார். கோபாலன் மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்த ஜெர்மன் வசனத்தைத் தொடங்கினார். அது முடிவதற்குள் அந்த அம்மா அவர் கையை இறுகக் குலுக்கிவிட்டு, சிசிலியிடம் ஏதோ சொல்லி, காருக்குப் போய்விட்டார்.

"வேலை போச்சோ, சிசிலி?"

"இல்லை அண்ணை, நிரந்தரமாக்கச் சொல்லிட்டா."

"பாசியைச் சாகடிச்சுப்போட்டன், பிள்ளை. பிறகு என்னத்துக்கு நிரந்தரம்?"

சிசிலி குரலைத் தாழ்த்தினாள்.

"இது கண்ட இடமெல்லாம் கிடக்கிற பாசி, அண்ணை, அசல் பாசி மூண்டு கிலோமீற்றர் அங்காலை ஒருத்தரும் மிதிக்காமல் சுகமாய் இருக்கு, சனத்தை இங்காலை இழுத்து வைச்சிருக்கத்தான் உங்களை வேலைக்கு எடுத்தவை."